வளைகுடா கடந்த கிட்டார்: நித்தி கனகரத்தினம், சிலோன் மனோகர், முத்துக்குளித்துறை நேயர்கள்

1. பொருளும் எல்லையும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கிறது முத்தையாபுரம். சுற்றிலும் உப்பளங்கள்; சாலையில் துறைமுகத்துக்கும் ஸ்பிக் உர ஆலைக்கும் போய்வரும் லாரிகள். இந்த வட்டாரத்தில் கல்யாண வீட்டுப் பந்தலிலோ கோயில் கொடை முடிந்த இரவிலோ அறுபது வயதைத் தாண்டிய ஒருவரைப் பாடச் சொன்னால், எம்.ஜி.ஆர். பாட்டும் சிவாஜி பாட்டும் ஆன பிறகு, 'சின்ன மாமியே' வரும். அல்லது 'சுராங்கனி' வரும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டிப் பின்பாட்டுப் பாடுவார்கள். யார் பாடிய பாட்டு என்று கேட்டால், "அது சிலோன் பாட்டு" என்பதோடு பதில் நின்றுவிடும்.

அந்தப் பதில் நின்ற இடத்திலிருந்து இந்தக் கட்டுரை தொடங்குகிறது. 1960களின் பிற்பகுதியில் இலங்கைத் தமிழரிடையே உருவான பொப்பிசை, அதைக் கிட்டாரோடு பாடித் தொடங்கிவைத்த நித்தி கனகரத்தினம், அதை இந்தியாவெங்கும் கொண்டுபோன ஏ.ஈ. மனோகரன் என்ற சிலோன் மனோகர், அவர்களுக்கு மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையான முத்துக்குளித்துறையில் சேர்ந்த நேயர் கூட்டம் ஆகியவை இதன் பொருள். நாட்டுப்பாடலின் பேச்சையும் மெட்டையும் எடுத்துக் கிட்டார், டிரம்ஸ் தாளத்தில் ஏற்றிப் பாடுவதை மேலைநாட்டார் ஃபோக் ராக் என்று வகைப்படுத்துகிறார்கள். தமிழில் அதற்கு மிக அருகில் நிற்கும் முதல் முயற்சி இதுதான் என்பது என் கருத்து. அது சென்னையில் பிறக்கவில்லை. கடலுக்கு அக்கரையில் பிறந்தது.

நான் நிறுவ விரும்புவது ஒன்றே. இந்தப் பாடல்களின் நேயர்கள் பாடகரைச் சூழ்ந்து கூடவில்லை, பாட்டைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். பாட்டு ஐம்பது ஆண்டுக்கு மேல் உயிரோடு இருப்பதற்கும் பாடியவர் பெயர் மறந்துபோனதற்கும் காரணம் அந்த ஒரே செயல்தான்.

2. ஒரு கடலின் இரு கரைகள்

முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடிக் கத்தோலிக்கரானது 1530களில். பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542 இல். அதே போர்த்துக்கீசியர்தான் இலங்கைக் கரையிலும் இருந்தார்கள். 1658 இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே ஆண்டில் பிடித்தபோது இரு கரையிலும் அந்த ஆட்சி முடிந்தது. ஆட்சி போனாலும் எச்சங்கள் தங்கின. இன்றும் பெர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது என்ற பெயர்களைத் தூத்துக்குடித் தெருக்களிலும் கேட்கலாம், கொழும்பிலும் நீர்கொழும்பிலும் கேட்கலாம்.

இசையில் மட்டும் இரு கரையும் வெவ்வேறு வழியில் போயின. இலங்கையில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் படைவீரர்களின் ஆட்டமும் போர்த்துக்கீசியரின் வயலின், கிட்டார் வகைக் கருவிகளும் கலந்து கஃபிரிஞா என்ற ஆடல்பாடல் உண்டானது. மட்டக்களப்பில் தமிழரோடு கலந்து வாழும் பறங்கியர் அதைக் கல்யாணங்களில் இன்றும் ஆடுகிறார்கள். தூத்துக்குடிக் கரையில் ஐரோப்பிய இசை கோயிலுக்குள்ளேயே நின்றது. 1713 இல் எழுந்த பனிமய மாதா ஆலயத்தின் பாடகர் குழுவில் அது வழிபாட்டு இசையாக வளர்ந்தது. தெருவுக்கு இறங்கி ஆட்டப்பாட்டாகவில்லை. இங்கே ஆப்பிரிக்கரின் குடியிருப்பு உருவாகாததும், ஊர் வாழ்வின் மீது பங்குக் கோயிலின் கட்டுப்பாடு இறுகி இருந்ததும் இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். ஆகவே கொண்டாட்டத்துக்கான கிட்டார் தாளம் இந்தக் கரைக்கு அக்கரையிலிருந்து வர வேண்டியிருந்தது.

வருவதற்கு வழி எப்போதும் திறந்தே இருந்தது. 1914 வரை போட் மெயில் ரயில் தூத்துக்குடிக்குத்தான் வந்தது. பயணிகள் இங்கே கப்பலேறிக் கொழும்பு போனார்கள். பாம்பன் பாலம் கட்டியபின் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதே தூத்துக்குடி - கொழும்பு வழித்தடத்துக்காகத்தான். கப்பல் மாறினாலும் தோணிகள் ஓயவில்லை. வெங்காயமும் கருவாடும் ஓடும் ஏற்றிப்போன தோணியில் வேலைபார்த்தவர்கள் கொழும்புத் துறைமுகத்தில் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். சரக்கோடு பாட்டும் திரும்பி வந்தது என்பதற்கு ஆவணம் தேட வேண்டியதில்லை.

இந்தப் போக்குவரத்தின் கலைச் சாட்சியாக ஒரு தூத்துக்குடிக்காரரைச் சொல்லலாம். பனிமய மாதாவின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி 1927 இல் இங்கே பிறந்த ஜே.பி. சந்திரபாபுதான் அவர். தந்தை ரொட்ரிகோ விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுப் பத்திரிகை நடத்தியவர்; அதனால் குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. சந்திரபாபு படித்து வளர்ந்தது அங்கேதான். 1943 இல் சென்னைக்கு வந்த அவர், குரலை உடைத்து மேலும் கீழும் தாவவிடும் யோடலிங் பாணியைத் தமிழ்த் திரைப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். மேல்நாட்டு இசையை ஏற்பதில் தமிழ் சினிமா முதலில் காட்டிய துணிச்சல்களில் ஒன்று, முத்துக்குளித்துறையில் பிறந்து கொழும்பில் காது பழகிய ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது. பொப்பிசைக்கு இருபது ஆண்டு முந்தைய செய்தி இது.

3. பைலாவின் அமைப்பு

கஃபிரிஞாவின் வழித்தோன்றல் பைலா. அதை 1940களில் சிங்கள மக்களிடையே பரப்பியவர் காவல்துறையில் பணியாற்றிய வாலி பஸ்தியன்ஸ். பைலாவின் கட்டுமானம் எளிமையானது, ஆனால் தற்செயலானதல்ல. தாளம் ஆறு எண்ணிக்கை. மூன்று மூன்றாகப் பிரியும். நம்மவர் கணக்கில் திஸ்ர நடை. கிட்டாரில் வலதுகை அந்த ஆறையும் இடைவிடாமல் வீசியடிக்கும். இடதுகைக்கு மூன்று சுரக்கட்டுகள் போதும். சி, எஃப், ஜி தெரிந்தால் பாட்டு முழுவதையும் வாசித்துவிடலாம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கூட்டம் பல்லவியைத் திருப்பிச் சொல்லும்.

இவற்றில் தாளமும் கோரஸும் தமிழ்க் காதுக்குப் புதியவை அல்ல. கும்மிப் பாட்டுகளிலும் பல தெம்மாங்குகளிலும் ஓடுவது அதே திஸ்ரம். மடி இழுக்கும்போதும் வள்ளம் தள்ளும்போதும் மீனவர் பாடும் அம்பாவில் ஒருவர் முன்னடி சொல்ல மற்றவர்கள் ஏலேலோ போட்டு வாங்குவார்கள்; பைலாவின் கோரஸ் செய்வதும் அதையேதான். தமிழர் உடலுக்கு ஏற்கெனவே பழகிய நடைதான் புதிய கருவியில் வந்தது. கருவியின் குணமும் உதவியது. வில்லுப்பாட்டுக்கு ஐந்தாறு பேர் வேண்டும், நையாண்டி மேளத்துக்கும் அப்படியே. கிட்டார் வைத்திருக்கும் ஒருவன் தாளமும் சுருதியும் தானே ஆகி, ஒற்றை ஆளாகக் கூட்டத்தைக் கையில் எடுத்துவிட முடியும். ஹாஸ்டல் அறையிலும் கடற்கரையிலும் லாரியின் பின்தட்டிலும் அது செல்லும்.

1960களின் நடுவில் சிங்கள இளைஞர்களிடம் இந்தக் கிட்டார் மோகம் பெரிதாகப் பரவியது. மூன்ஸ்டோன்ஸ் குழுவில் வாசித்த கிளாரன்ஸ் விஜேவர்தன (1943–1996) மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். கரீபியக் கலிப்சோவின் சாயலும் அந்தக் குழுக்களில் கலந்திருந்தது. தமிழ் மாணவர்கள் இதைப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். தமிழில் ஏன் இல்லை என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது.

4. நித்தி கனகரத்தினம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்தவர் நித்தி கனகரத்தினம். மாணவப் பருவத்தில் நண்பர்கள் நடுவே கிட்டாரோடு பாடத் தொடங்கியவர். சின்ன மாமியே, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே ஆகிய இரண்டும் அவர் பெயரை நிறுத்தின. தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று இலங்கைத் தமிழர் அவரைச் சொல்வது மிகையல்ல. இசை அவருக்குப் பிழைப்பாக இருந்ததில்லை. கல்வித்துறையில் பணியாற்றினார், பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார், அங்கும் பாடினார்.

அவர் செய்ததை மூன்று வரியில் சொல்லி நகர்ந்துவிட முடியாது. முதலில் மொழி. அன்றைய இலங்கைத் தமிழ் மெல்லிசையில் தமிழகத் திரைப்பாட்டின் தமிழே கோலோச்சியது: நிலவு, மலர், தென்றல். நித்தி யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே பாட்டில் வைத்தார். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் இளைஞனும் அவனுக்கு மாமி சொல்லும் பதிலும் ஒரு வேலிக்கரை உரையாடல். கேட்பவருக்கு அந்த மாமியைத் தெரியும், அந்த வேலியைத் தெரியும். முறைமாமன், மாமி, கொழுந்தன் என்று உறவை வைத்துக் கேலி பேசும் மரபு நாட்டுப்பாட்டில் பழையது. அதை அவர் கிட்டாருக்குக் கொடுத்தார்.

அடுத்தது நோக்கம். கள்ளுக்கடைப் பாட்டு குடியைக் கண்டிக்கிறது. கண்டிக்கிற பாட்டையே ஆட்டம் போடும் தாளத்தில் அமைத்ததில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மேடையேறி உபதேசம் செய்தால் கலைந்துபோகும் கூட்டம், இதைத் தானே கூடப் பாடிக்கொண்டே கேட்டது. வில்லுப்பாட்டில் கதையை நிறுத்திப் பின்பாட்டுக்காரர் கிண்டலாகக் கேள்வி போட்டு உள்ளூர்ச் செய்தியை நுழைக்கும் உத்திக்கு இது நெருங்கிய உறவு. நெல்லைச் சீமையின் வில்லுக்குப் பழகிய காதுகள் இந்தப் பாட்டை உடனே பிடித்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாட்டுகளில் பெண்கள் நிறையப் பேசுகிறார்கள், ஆனால் எல்லாம் ஆண் குரலில்தான். மாமியின் பதிலை மாமியே பாடிய பொப்பிசை வளரவில்லை. கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களின் கையில் இருந்த ஒரு மரபிலிருந்து எடுத்துக்கொண்ட இசை, அவர்களுக்கு மைக்கைக் கொடுக்காமல் போனது பெரிய இழப்பு.

அந்தக் காலத்து அறிஞர்களின் நிலைப்பாட்டையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மீட்டு, இராவணேசன் போன்ற நாடகங்களாக நகர மேடைக்குக் கொண்டுவந்தார். நெல்லையில் நா. வானமாமலை நாட்டுப்பாடல்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் மகத்தான பணிகள். ஆனால் அதே பத்தாண்டில், மாணவர் விடுதிகளில், நாட்டார் பேச்சு புதிய கருவியோடு புதிதாகப் பிறந்துகொண்டிருந்ததை ஆய்வுலகம் கவனத்தில் எடுக்கவில்லை. பழையதை மீட்பதற்குக் கிடைத்த மரியாதை, புதிதாய்ப் பிறந்ததற்குக் கிடைக்கவில்லை. கர்நாடக சங்கீதத்தில் ஊறிய யாழ்ப்பாணத்து உயர் ரசனை பொப்பிசையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியது.

5. ஏ.ஈ. மனோகரன்

நித்தி தொடங்கியதை மேடைக் கலையாக்கியவர் ஏ.ஈ. மனோகரன். அவரோடு ஸ்டன்லி சிவானந்தன், எஸ். இராமச்சந்திரன், இமானுவேல் என்று பலரும் பாடினார்கள். ஆனாலும் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டம் மக்கள் வாயில் மனோகரனுக்கே நிலைத்தது. நடிகரும் கூட. செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று' (1978) மீனவர் வாழ்வைச் சொல்வது. அதில் முக்கிய வேடத்தில் நடித்தார். பிறகு சென்னைக்கு வந்து தமிழ், மலையாளப் படங்களில் வில்லன் வேடங்கள் ஏற்றார். தொலைக்காட்சித் தொடர்களிலும் தோன்றினார். 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.

சுராங்கனி சிங்களத்தில் பிறந்த பாட்டு. மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லிப் பெண்ணை அழைப்பதே அதன் பொருள். மனோகரன் குரலில் அது வளைகுடாவைத் தாண்டி, மொழி மாற்றி மொழி மாற்றி இந்தியாவெங்கும் பரவியது. மீன்பிடித் துறைகளில் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்களச் சொற்களுக்குப் பொருள் தெரியாமலேயே பாடினார்கள். மீனைப் பற்றியது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

1977 இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா சுராங்கனியை மலேசியா வாசுதேவன் குரலில் எடுத்தாண்டார். 'அன்னக்கிளி' வந்த மறு ஆண்டு அது. நாட்டுப்பாட்டையும் மேல்நாட்டுக் கிட்டாரையும் இரண்டு கையிலும் வைத்திருந்த ஒரே இசையமைப்பாளர், தன்னுடைய தொடக்க காலத்திலேயே சிலோன் பாட்டைத் தொட்டது பொருத்தமானது. தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர் அவர். ஆனால் திரைப்படம் பாட்டை எடுத்துக்கொண்டதும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை கொழும்புப் பாட்டாக இருந்தது திரைப்பாட்டாகிவிட்டது. சென்னைப் பட்டியலில் படத்தின் பெயர் ஏறியது, அக்கரைப் பாடகரின் பெயர் இறங்கியது.

6. நேயர்கள்

இந்தக் கரையில் இந்தப் பாட்டுக்கு நேயர் சேர்ந்ததற்கு முதற்காரணம் வானொலி. 1952 இல் ஒலிபரப்புத்துறைப் பொறுப்பிலிருந்த பி.வி. கேஸ்கர் திரையிசையை மட்டம் என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் மறுத்தார். 1957 இல் விவித் பாரதி வரும்வரை அந்த நிலை நீடித்தது. அந்த இடைவெளியில் இந்தியாவின் காது ரேடியோ சிலோன் பக்கம் திரும்பியது. தென்தமிழகத்தின் காது அதற்குப் பிறகும் திரும்பி வரவில்லை. 1963 இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய பிறகும் கூட, பாட்டுக்கு இலங்கை வானொலி என்பது இங்கே பழக்கமாகிவிட்டிருந்தது. 1967 இல் அந்த நிறுவனம் கூட்டுத்தாபனமாகிப் பெயர் மாறியும் மக்கள் நாக்கில் சிலோன் ரேடியோதான்.

இதில் நிலவியலுக்கும் பங்குண்டு. நடுத்தர அலைவரிசை தரையோடு ஒட்டிப் பரவும்போது காய்ந்த நிலம் அதை விரைவில் தேய்த்துவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல்மேல் அதே அலை நெடுந்தூரம் வலுக் குறையாமல் வரும். கொழும்பிலிருந்து தூத்துக்குடிவரை இடையில் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. மதுரைக்கு அப்பால் இரைச்சலோடு கேட்டது, முத்துக்குளித்துறைக் கரையில் உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்டது. வானொலிப் பெட்டிக்குத் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலம் அது. எல்லா வீட்டிலும் பெட்டி கிடையாது. டீக்கடையிலும் சலூனிலும் ஒலித்ததைத் தெருவே கேட்டது. கேட்பதே கூட்டுச் செயலாக இருந்தது.

அறிவிப்பாளர்கள் நேயர்களின் பெயரையும் ஊரையும் வாசித்தார்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்றவர்களின் குரலில் தன் பெயர் கடல் கடந்து வந்து தன் தெருவில் ஒலிப்பதைக் கேட்க அஞ்சல் எழுதியவர்கள் தென்மாவட்டங்களில் ஏராளம். பாடகரைப் பார்த்ததில்லை, பார்க்க வாய்ப்பும் இல்லை. ஆனால் அடுத்த ஊர்க்காரனும் அதே பாட்டைக் கேட்டிருக்கிறான் என்பது அந்தப் பெயர்ப் பட்டியலால் தெரியவந்தது. ஒரு ரசிகர் கூட்டம் தன்னைத் தானே அறிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் இருந்ததுபோல் கொடியும் கிளையும் கட்அவுட்டும் கொண்ட மன்றம் நித்திக்கோ மனோகரனுக்கோ இங்கே எழவில்லை. எழ வேண்டிய தேவையும் வரவில்லை.

அடுத்த வளையம் வாசிப்பவர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962–65) வழிபாடு தமிழுக்கு மாறியது. கோயில் பாடல்கள் மக்கள் மெட்டுக்கு வந்தன, பாடகர் குழுக்களில் கிட்டார் புகுந்தது. கடற்கரைப் பங்குகளில் கிட்டார் கற்ற இளைஞர்களில் பலருக்கு முதல் மேடை பலிபீடத்தின் பக்கவாட்டுத்தான். ஞாயிறு காலை பூசைக்கு வாசித்த அதே விரல்கள், திருவிழா இரவின் மெல்லிசைக் கச்சேரியில் சினிமாப் பாட்டு வாசித்தன. அந்தக் கச்சேரிகளில் நள்ளிரவு தாண்டிக் கூட்டம் தளரும் நேரத்துக்கு ஒரு சிலோன் பாட்டை ஒதுக்கி வைத்திருப்பது வழக்கம். அதற்குப் பாடகர் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குவார், மூன்றாவது அடிக்குள் கூட்டம் எழுந்துவிடும். கற்கத் தொடங்குபவனுக்கு மூன்று சுரக்கட்டிலேயே ஒரு முழுப் பாட்டு கைவந்துவிடும் என்பதால், பயிற்சிப் பாட்டாகவும் இவை கைமாறின. இளையராஜாவின் கிட்டார்ப் பாட்டுகளை வாசிக்கப் பல வருட உழைப்பு வேண்டும். சின்ன மாமியே ஒரு வாரத்தில் வரும். கருவிக்குள் நுழைய இந்தப் பாட்டு திறந்த வாசலாக இருந்தது; இதன் பரவலுக்கு வானொலிக்கு அடுத்த காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

பிறகு கேசட் வந்தது. ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கும் நாளில், அறுபது நிமிடக் கேசட்டின் கடைசியில் மீதி இருக்கும் இடத்தில் சிலோன் பாட்டு ஒன்றைப் போட்டுத் தருவார்கள். அட்டையில் எழுதும்போது படத்தின் பெயர் இல்லாததால் சிலோன் பாட்டு என்றே எழுதினார்கள். பெயர் தொலைந்தது அந்த நீலமை எழுத்தில்தான்.

அக்கரையில் நடந்தது வேறு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலைக்குப் பின் இலட்சக்கணக்கானோர் நாடு விட்டுப் போனார்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் மெல்பர்னிலும் நடக்கும் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கல்யாண விருந்துகளில் பைலா தவறாமல் ஒலிக்கிறது. ஊரை விட்டுப் போனவர்களுக்கு அந்த மாமியின் வேலி ஊராகவே ஆகிவிட்டது. கொண்டாட்டத்துக்காகப் பிறந்த பாட்டு அங்கே ஏக்கத்தையும் சுமக்கத் தொடங்கியது. தமிழகக் கரை நேயருக்கு இந்த ஏக்கம் இல்லை. அவருக்கு அது இளமைக் காலத்துப் பாட்டு மட்டுமே. ஒரே பாட்டின் இரு நேயர் கூட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்த வேறுபாட்டை யாரும் விரிவாக எழுதியதாக நான் பார்க்கவில்லை, எழுதியாக வேண்டும்.

7. பிற நாட்டு நேயர் கூட்டங்கள்

ஒப்பிட்டால் இந்த நேயர் கூட்டத்தின் இயல்பு துலங்கும். 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாப் டிலன் மின்கிட்டாரோடு ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி எதிர்ப்புக் குரல் எழுப்பியது. அங்கே நாட்டுப்பாடல் தூய்மையைக் காக்க வேண்டிய ஒரு பொருளாக இருந்தது. பைலாக்காரனுக்கு அந்தச் சிக்கல் எழவேயில்லை. கஃபிரிஞாவே கலப்பில் பிறந்தது, காப்பாற்றத் தூய்மை ஏது?

இங்கிலாந்தின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு 1969 இல் பழைய ஆங்கில நாட்டுப்பாடல்களை ரிச்சர்ட் தாம்சனின் மின்கிட்டாரோடு இசைத்தட்டாக்கியது. அந்தக் குழு கலையப்போவதாக 1979 இல் குரொப்ரெடி என்ற கிராமத்தில் விடைபெறும் கச்சேரி நடத்தியது. நேயர்கள் விடவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதே கிராமத்தில் கூடுவது ஒரு விழாவாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழுவினர், கச்சேரியை ஒலிப்பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கு 1984 முதல் தனி இடமே ஒதுக்கினார்கள். அந்த ரசிகர்களின் நாடாக்களால் அந்தக் குழுவின் வாசிப்பு நாள்வாரியாகப் பதிவாகி இருக்கிறது. நம் நாட்டில் ஷில்லாங்கின் லூ மஜாவ் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று டிலன் பிறந்தநாளுக்குக் கிட்டாரோடு பாடிவந்திருக்கிறார். அந்த நாளுக்காக ஊர் திரண்டிருக்கிறது.

இந்த நான்கிலும் நேயர்களுக்கு ஓர் ஆள், ஓர் இடம், ஒரு தேதி இருக்கிறது. அதனால் ஆவணமும் இருக்கிறது. நம் நேயர்களுக்குப் பாட்டு மட்டும் இருந்தது. முதல் வகையை விசுவாசம் என்றும் இரண்டாவதை அலட்சியம் என்றும் எடைபோடுவது தவறு. ஐம்பது ஆண்டாகப் பல்லவியை மறக்காமல் பேரப்பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவதும் விசுவாசம்தான். ஆனால் அந்த விசுவாசம் எழுத்தில் ஏறவில்லை.

சென்னையில் அண்மைக் காலத்தில் நாட்டுப்பாட்டையும் ராக்கையும் சேர்க்கும் குழுக்கள் வந்திருக்கின்றன. 2018 ஜனவரியில் முதல் கச்சேரி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவை மின்கிட்டாரோடு மேடையேற்றிச் சாதியைப் பற்றி நேருக்கு நேர் பேசியது. அவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், நல்லது. அதே வேளையில் தமிழில் இப்படியொன்று இதுவே முதல்முறை என்று எழுதுகிறவர்கள், பேச்சுத்தமிழையும் கிட்டாரையும் 1960களிலேயே சேர்த்த உரும்பிராய்க்காரரை ஒரு வரியிலாவது சேர்க்க வேண்டும்.

8. பெயரும் பதிவும்

ஆசிரியர் பெயர் தெரியாமல் வாய்வழியாகப் பரவுவதை நாட்டுப்பாடலின் அடையாளங்களில் ஒன்றாக நம் பாடநூல்கள் சொல்கின்றன. அந்த அளவுகோலை வைத்தால், முத்தையாபுரத்தில் சின்ன மாமியே நாட்டுப்பாடலாகிவிட்டது. பாடுபவர் ஊருக்கேற்ப வரியை மாற்றிக்கொள்கிறார், கேட்பவர் யார் எழுதியது என்று கேட்பதில்லை. ஒரு பாடலாசிரியருக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பழைய கும்மியை எழுதியவர் யாரென்று கண்டுபிடிக்க வழியில்லை. இந்தப் பாட்டுகளைப் பாடியவர்களின் பெயரும் ஊரும் நமக்குத் தெரியும். தெரிந்த பெயரை விட்டுவிடுவதை மரபு என்று அழைக்கலாகாது.

2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் நின்றுபோனது. இரு கரையிலும் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் நினைவில் இருப்பதைப் பதிந்துகொள்ள இன்னும் பத்தாண்டு காத்திருக்க முடியாது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு வட்டாரத்தில் யாரிடமாவது இலங்கை வானொலியில் பதிந்த பழைய கேசட், பொப்பிசை இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம், வானொலிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, மெல்லிசைக் குழுவின் நோட்டீஸ் எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்துக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகம் நிறுவனத்துக்கோ எழுதுங்கள். வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால் கைப்பேசியில் அவர் பாடுவதைப் பதிந்து, எங்கே எப்போது முதலில் கேட்டார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பதிவின் தலைப்பில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் நித்தி கனகரத்தினம் என்றோ ஏ.ஈ. மனோகரன் என்றோ மறக்காமல் எழுதுங்கள்.